புது போன் பிள்ளைக்கு, பழைய போன் அம்மாவுக்கு... இந்தக் கணக்கு சரியா?

தமிழ்நாட்டு வீடுகளில் போன் கைமாறுவதற்கு எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. வேலைக்குப் போகும் மகனோ மகளோ இ.எம்.ஐ-யில் புது போன் வாங்குவார்கள். மூன்று, நான்கு வருடம் அவர்கள் கையில் இருந்த போன் அம்மாவுக்குப் போகும். அம்மா வைத்திருந்தது அப்பாவுக்கு. அதற்கும் முந்தைய டேப்லெட், பேரப்பிள்ளை கார்ட்டூன் பார்க்க ஹாலில் கிடக்கும். ‘நல்லாத்தானே ஓடுது, எதுக்கு எக்ஸ்சேஞ்சுல அடிமாட்டு விலைக்குத் தள்ளணும்?’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிக்கனமும் பாசமும் சேர்ந்த பழக்கம் இது.

ஆனால், வரிசையின் கடைசியில் நிற்பவரின் நிலையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வீட்டிலேயே பாதுகாப்பு குறைந்த கருவி, வீட்டிலேயே டெக்னாலஜி அனுபவம் குறைந்தவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது. பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு, யூபிஐ, கேஸ் புக்கிங், ஓடிபி எல்லாமே அந்தப் போனில்தான். ஐ.டி. நிறுவனத்தில் மாதம் தவறாமல் செக்யூரிட்டி பயிற்சி எடுக்கும் பிள்ளைகூட, அப்டேட் நின்றுபோன போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது. இந்தக் கணக்கைத் திருத்த வேண்டும்.

‘சப்போர்ட் முடிந்தது’ என்றால் என்ன?

போனுக்கு வரும் அப்டேட்டில் இரண்டு வகை உண்டு. ஆண்ட்ராய்டு 13-லிருந்து 14, 14-லிருந்து 15 என்று மாறுவது வெர்ஷன் அப்டேட். புது தோற்றம், புது வசதிகள் இதில் வரும். இது வராவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. இரண்டாவது, செக்யூரிட்டி அப்டேட். திரையில் எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால், மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பது இதுதான்.

2015-ல் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டை ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்பட்டது. தந்திரமாகத் தயாரிக்கப்பட்ட ஒரு எம்எம்எஸ் மூலமாகவே போனுக்குள் நுழைய முடியும் என்று தெரிந்ததும் உலகமே பதறியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல்தான், மாதம் ஒருமுறை செக்யூரிட்டி அறிக்கையும் திருத்தங்களும் வெளியிடும் வழக்கத்தை கூகுள் தொடங்கியது. கூகுள் வெளியிட்டால் மட்டும் போதாது. போன் தயாரித்த நிறுவனம் அதைத் தன் மாடலுக்கு ஏற்றபடி மாற்றி, சோதித்து, அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் இதை எத்தனை வருடம் செய்வது என்று நிறுவனம் ஒரு கெடு வைத்திருக்கும். அந்தக் கெடு முடிவதைத்தான் ‘சப்போர்ட் முடிந்தது’ என்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த நாளில் போனில் மணி எதுவும் அடிக்காது. போன் வழக்கம்போல ஓடும். இன்னும் சொல்லப்போனால், ‘இப்பல்லாம் அப்டேட் தொல்லையே இல்லப்பா’ என்று அம்மா சந்தோஷப்படுவார். தொல்லை நின்றதற்கான காரணம் அவருக்குத் தெரியாது.

ஆண்ட்ராய்டு 10 முதல், சில பகுதிகளைப் போன் நிறுவனத்தை எதிர்பார்க்காமல் கூகுள் தானே ‘ப்ளே சிஸ்டம் அப்டேட்’ மூலம் திருத்துகிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால், சிப், மோடம் போன்ற அடிமட்டப் பகுதிகளில் உள்ள ஓட்டைகளுக்குப் போன் நிறுவனம்தான் மருந்து அனுப்ப வேண்டும். அது நின்றுவிட்டால் நின்றதுதான்.

ஓட்டை ஊருக்கே தெரிந்த பிறகு...

‘என் போன்ல என்ன இருக்கு, யார் வந்து ஹேக் பண்ணப் போறாங்க?’ என்பது பலர் கேட்கும் கேள்வி. ஒரு வீட்டைக் குறிவைத்து வரும் திருடனை நினைத்துக் கேட்பது இது. இணையத் திருடன் அப்படி வருவதில்லை. தெருவில் உள்ள எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்து, திறந்திருக்கும் வீட்டுக்குள் நுழைகிறான்.

எந்தக் கதவைத் தள்ள வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்ற பட்டியல் பொதுவெளியில் வெளியாகிறது. அப்டேட் போட்டவருக்கு அது பாதுகாப்பு. போடாதவரின் கருவிக்கு அதுவே வரைபடம்.

2017-ல் நடந்த ‘வானாக்ரை’ தாக்குதல் இதற்கு நல்ல உதாரணம். விண்டோஸில் இருந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12-ல். இடையில் இரண்டு மாதம். ஆனாலும் சுமார் 150 நாடுகளில் கணினிகள் முடங்கின. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மருந்து வந்தும் போட்டுக்கொள்ளாதவர்களுக்கே இந்தக் கதி. சப்போர்ட் முடிந்த கருவிக்கு மருந்தே வராது.

இங்கே அன்றாடம் நடப்பது வேறு மாதிரி. போக்குவரத்து அபராத சலான், கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வருகிறது. தொட்டு இன்ஸ்டால் செய்தால், அந்த ஆப் முதலில் கேட்பது ‘அக்ஸசிபிலிட்டி’ அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக உருவான வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதைப் படிக்கவும், பயனருக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் அந்த ஆப்பால் முடியும். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து, வெளியிலிருந்து இப்படி ஏற்றிய ஆப்களுக்கு இந்த அனுமதியைக் கொடுக்கவிடாமல் ஒரு தடை வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டவும் வழிகள் உண்டு. ஆனாலும், வழியில் ஒரு கதவு கூடுதல். ஆண்ட்ராய்டு 10-லேயே நின்றுபோன போனில் அந்தக் கதவு இல்லை.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அப்டேட் எல்லா மோசடிக்கும் மருந்து இல்லை. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பணம் பறிப்பவனையும், பேச்சு வாக்கில் ஓடிபி கேட்பவனையும் எந்தப் புது போனும் தடுக்காது. அதற்கு வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அம்மாவின் போனில் சேமித்துக் கொடுக்க வேண்டும். பேச்சால் தடுக்க முடியாத பகுதியைத்தான் அப்டேட் பார்த்துக்கொள்கிறது.

வாட்ஸ்அப் ஓடினால் போதுமா?

போன் பழசாகிவிட்டதா என்பதற்குப் பல வீடுகளில் ஒரே சோதனைதான்: ‘வாட்ஸ்அப் வேலை செய்யுதா?’ இது தவறான அளவுகோல். 2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப் தன் குறைந்தபட்சத் தேவையை உயர்த்தியபோதும், ஆண்ட்ராய்டு 5.0 இருந்தாலே போதும் என்றது. அது 2014-ல் வந்த வெர்ஷன். அதற்கான செக்யூரிட்டி திருத்தங்களை கூகுள் நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

முடிந்தவரை அதிகம் பேரைச் சேர்க்க வேண்டும் என்பது ஆப் நிறுவனங்களின் கணக்கு. பழைய போனிலும் ஆப் ஓடுவது அவர்களுக்கு லாபம். போன் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

‘அப்டேட் போட்டா ஸ்லோ ஆயிடும்’

இந்தப் பயத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னது. பயனர்களுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்று 2020-ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பழைய போன்களைப் பாதித்த அப்டேட்டுகளுக்காக 2018-ல் இத்தாலி ஆப்பிள், சாம்சங் இரண்டுக்கும் அபராதம் போட்டது.

ஆக, பயனர்கள் சந்தேகப்படுவதற்குக் காரணம் நிறுவனங்களேதான். ஓட்டையை அடைக்கும் சிறு திருத்தத்தையும், யாரும் கேட்காத புது வசதிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால், மூட்டையையே வேண்டாம் என்று மக்கள் ஒதுக்கத்தான் செய்வார்கள். ஐகான் இடம் மாறிப்போய் அம்மா தடுமாறுவதும் உண்மையான கஷ்டம்தான்.

அதனால் ஒரு நடைமுறை வழியைப் பின்பற்றலாம். பெரிய வெர்ஷன் அப்டேட் வந்தால் அம்மாவின் போனில் இரண்டு, மூன்று வாரம் பொறுத்துப் போடலாம். குறைகள் இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். மாதாந்திர செக்யூரிட்டி அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். போட்டதும் முதல் ஓரிரு நாள் போன் கொஞ்சம் சூடாவதும் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் சகஜம். பின்னணி வேலைகள் முடிந்ததும் சரியாகிவிடும்.

கைமாற்றும் முன் செய்ய வேண்டியவை

பழைய போனைக் கொடுப்பதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. துடைத்துவிட்டு, சிம்மை மாற்றிப் போட்டு அப்படியே நீட்டுவதுதான் தவறு. அரை மணி நேரம் ஒதுக்கினால் இவற்றை முடித்துவிடலாம்:

1. தேதியைப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’, அதற்குள் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ என்று போனால் செக்யூரிட்டி அப்டேட்டின் தேதி இருக்கும். சில மாடல்களில் ‘செக்யூரிட்டி’ பகுதியில் இருக்கும். தேதி இரண்டு, மூன்று மாதத்துக்குள் என்றால் கவலையில்லை. ஒரு வருடத்தைத் தாண்டியிருந்து, அப்டேட் தேடினாலும் புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்த மாடலைக் கிட்டத்தட்ட கைவிட்டுவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஐபோன், ஐபேடில் ‘ஜெனரல்’, ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ பகுதியில் பார்க்கலாம். ஆப்பிள் பழைய மாடல்களுக்கும் அவ்வப்போது திருத்தம் அனுப்புகிறது. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூட ஒன்று வந்தது. ஆனால், அதை நம்பி உட்கார முடியாது.

2. முழுமையாக ரீசெட் செய்ய வேண்டும். படங்களை பேக்கப் எடுத்து, கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு ஃபேக்டரி ரீசெட். ஐபோன் என்றால் முதலில் ஐகிளவுடிலிருந்து வெளியேற வேண்டும். கணக்கை நீக்காமல் ரெகவரி வழியாக ரீசெட் செய்தால், பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் போன் பூட்டிக்கொள்ளும். ரீசெட் செய்யாமலே கொடுத்தால் பிள்ளையின் ஆபீஸ் மெயிலும், என்றோ ஏற்றிய தேவையில்லாத ஆப்களும் சேர்ந்தே கைமாறும்.

3. அம்மா பெயரில் தனிக் கணக்கு வேண்டும். பல பெற்றோர்களின் போன் இன்னமும் பிள்ளையின் ஜிமெயிலில்தான் ஓடுகிறது. இருவரின் படங்களும் தொடர்புகளும் கலந்துபோகும். தனிக் கணக்கு தொடங்கி, அவர் நம்பரையே ரெகவரி நம்பராகக் கொடுத்து, பாஸ்வேர்டை அவரே வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

4. ப்ளே ஸ்டோரின் வைஃபை நிபந்தனையை மாற்ற வேண்டும். பலர் கவனிக்காத இடம் இது. ஆப்கள் தானாக அப்டேட் ஆவது வழக்கமாக வைஃபையில் மட்டும் என்றிருக்கும். ஊரில் இருக்கும் அப்பா அம்மா வீட்டில் வைஃபையே கிடையாது. எல்லாம் மொபைல் டேட்டாதான். விளைவு, வங்கி ஆப்கூட மாதக்கணக்கில் அப்டேட் ஆவதில்லை. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘எந்த நெட்வொர்க்கிலும்’ என்று மாற்றினால் தீர்ந்தது. டேட்டா பேக் சின்னது என்றால், ஊருக்குப் போகும்போதெல்லாம் ஹாட்ஸ்பாட் போட்டு அப்டேட் செய்து கொடுக்கலாம்.

5. இடம் காலியாக இருக்க வேண்டும். 32 ஜிபி போனில் அப்டேட் ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம், ‘குட் மார்னிங்’ படங்களும் ஃபார்வேர்ட் வீடியோக்களும்தான். வாட்ஸ்அப்பில் மீடியா தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்திவிட்டு, ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ பகுதியில் பெரிய ஃபைல்களை அழிக்கலாம்.

6. வெளி ஆப்களுக்குக் கதவை மூட வேண்டும். ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ பகுதியில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதி இல்லை என்று வைக்க வேண்டும்.

7. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனின் பின்பக்கம் சற்று மேடாகத் தெரிந்தாலோ, திரை விளிம்பில் தூக்கியிருந்தாலோ, அந்தப் போனைச் சார்ஜ் போடவே கூடாது. பேட்டரியை மாற்றும் வரை யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

தேதி தாண்டிவிட்டால்?

உடனே குப்பையில் போட வேண்டியதில்லை. வேலையை மாற்றிக் கொடுத்தால் போதும். அப்டேட் நின்றுபோன டேப்லெட்டில் யூடியூப் சமையல் வீடியோ, பக்திப் பாடல், அலாரம், சிசிடிவி கேமரா பார்ப்பது இதெல்லாம் தாராளமாக ஓடட்டும். அதில் வங்கி ஆப், யூபிஐ, முதன்மை மெயில் கணக்கு மூன்றும் இருக்கக் கூடாது. வங்கி ஓடிபி வரும் சிம்மும் அதில் வேண்டாம்.

அப்படியானால் அம்மாவின் பணப் பரிமாற்றம்? ‘நீங்க எதுவும் பண்ண வேண்டாம், நானே பாத்துக்கறேன்’ என்று பிள்ளைகள் வங்கி ஆப்பையே பிடுங்கிக்கொள்வது சுலபமான வழி. ஆனால், அது அவர் பணம். காய்கறிக் கடையில் தானே க்யூஆர் ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டவரை மறுபடி யாரையோ எதிர்பார்க்க வைப்பது பாதுகாப்பு ஆகாது. யூபிஐ-க்கு என்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதில் மாதச் செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும் போட்டு வைக்கலாம். பென்ஷனும் டெபாசிட்டும் உள்ள கணக்கு போனுக்கு வெளியே இருக்கட்டும்.

லேப்டாப்புக்கும் இதே கதைதான்

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடும் எத்தனையோ லேப்டாப்கள் இந்த ஒரு நிபந்தனையில் வெளியே நின்றன.

வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இலவசமாகவே கிடைக்கும். செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் இதற்கான இணைப்பு இருக்கும். அதையும் தாண்டிப் பயன்படுத்த நினைப்பவர்கள் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை ஏற்றலாம். பிரவுசர், மெயில், வீடியோ, தமிழ் டைப்பிங் என்ற அளவில் பயன்படுத்தும் வீட்டுக்கு அது போதும். டாலி, போட்டோஷாப் போன்ற குறிப்பிட்ட மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கு ஒத்துவராது.

பெட்டியில் ஏன் தேதி இல்லை?

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எதுவரை சாப்பிடலாம் என்ற தேதி இருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் போன் பெட்டியில் எம்ஆர்பி இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது. அப்டேட் எதுவரை வரும் என்ற தேதி மட்டும் இல்லை. அதை வாங்குபவரே இணையத்தில் தோண்டித் தேட வேண்டும். தேடத் தெரியாதவர் என்ன செய்வார்?

மற்ற இடங்களில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. செக்யூரிட்டி அப்டேட் குறைந்தபட்சம் எதுவரை கிடைக்கும் என்று நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலுக்கு வந்த விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் தர வேண்டும். இந்தியாவிலும் போன், டேப்லெட்டுகளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டம் குறித்த அறிக்கை 2025 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறையிடம் அளிக்கப்பட்டது. மென்பொருள் அப்டேட்டும் அதில் ஓர் அளவுகோல். மதிப்பெண் வரட்டும், அதோடு ‘இந்தப் போனுக்கு அப்டேட் இந்த மாதம், இந்த வருடம் வரை’ என்ற ஒற்றை வரியைப் பெட்டியில் அச்சிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும். நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லாத மாற்றம் இது. வாங்குபவருக்கோ பெரிய வெளிச்சம்.

வாங்கும்போதே இரண்டு பேருக்கு வாங்க வேண்டும்

சட்டம் வரும் வரை கணக்கைப் பிள்ளைகள்தான் போட வேண்டும். 2023 அக்டோபரில் வந்த பிக்ஸல் 8-க்கும், 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருட அப்டேட் என்று நிறுவனங்கள் அறிவித்தன. விலை குறைந்த மாடல்களில் இந்தக் காலம் மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. பொதுவாக இந்த வருடக் கணக்கு மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு வருடப் பழைய மாடலை ஆஃபரில் வாங்கினால், அதன் ஆயுளில் இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

எப்படியும் இந்தப் போன் சில வருடத்தில் அம்மாவிடம்தான் போகப்போகிறது. அப்படியானால் கேமரா எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும் என்பதோடு இன்னொரு கேள்வியும் கடையில் கேட்கப்பட வேண்டும்: ‘இதுக்கு அப்டேட் எந்த வருஷம் வரைக்கும்?’ 7 வருடம் வரும் மாடலை வெளிவந்ததுமே வாங்கி மூன்று வருடம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தால், அம்மாவுக்கு நான்கு வருடப் பாதுகாப்பு மீதி இருக்கும். 3 வருடம் மட்டுமே வரும் மாடல் என்றால், மருந்து நின்றுபோன போன்தான் அவர் கைக்குப் போகும்.

ஏற்கெனவே அவர் கையில் இருக்கும் போனுக்கு இந்த வார இறுதியில் ஒரு வீடியோ கால் போதும். ‘அம்மா, செட்டிங்ஸ் திறங்க, அபௌட் போன் போங்க, அங்க என்ன தேதி போட்டிருக்கு, படிங்க பாப்போம்.’ அவர் படித்துச் சொல்லும் வருடம் போன வருடத்துக்கும் முந்தையது என்றால், அடுத்த போனஸில் முதல் செலவு எது என்று முடிவாகிவிட்டது.